பெட்டி தானாக மேலே ஏறுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இயற்பியலும் கணக்கும் துணைப்பாட வகுப்பு இல்லாமல் பிள்ளைகளுக்கு ஏறாது, இதில் பெற்றோர் செய்ய ஒன்றுமில்லை என்று அண்மையில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அதில் பாதி சரி. மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டிக்கொள்ளுங்கள், எண்களில் மட்டும் கை வைக்காதீர்கள்.

நான் சிங்கப்பூரில், துவாஸில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். அதற்கு முன் இருபது ஆண்டுகள் லாரியில் சாமான் ஏற்றி இறக்கியவன். படிப்பு சாதாரண நிலைத் தேர்வோடு சரி. மகன் இந்த ஆண்டுதான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இயந்திரப் பொறியியல் சேர்ந்திருக்கிறான். உயர்நிலைப் பள்ளியில் படித்தவரை அவனுக்கு உராய்வு என்றால் கேள்வியிலேயே இத்தனை நியூட்டன் என்று கொடுத்துவிடுவார்கள், கழித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். இப்போது அந்த எண்ணை அவனே கண்டுபிடிக்க வேண்டும். அங்கேதான் மாட்டிக்கொண்டான்.

ஒரு நாள் இரவு வேலை முடிந்து வந்தால் மேசை முழுக்கத் தாள். கேள்வி இதுதான். 30 பாகை சாய்ந்த பலகையில் 10 கிலோகிராம் பெட்டி ஒன்று வைக்கப்படுகிறது, நிலை உராய்வுக் குணகம் (நிற்கும் பொருளைப் பலகை எவ்வளவு பிடித்துக்கொள்ளும் என்று காட்டும் எண்) 0.6, கையை விட்டால் பெட்டி என்ன ஆகும், அதன்மேல் உராய்வு விசை எவ்வளவு? பையன் ஒழுங்காகத்தான் தொடங்கியிருக்கிறான். எடையை இரண்டாகப் பிரித்து, பலகையோடு கீழே இழுக்கும் கூறு 49 நியூட்டன், பலகையை அழுத்தும் கூறு 85 நியூட்டன் என்று எழுதியிருந்தான். சைன், கொசைன் எதுவும் இடம் மாறவில்லை. பிறகு 85ஐ 0.6ஆல் பெருக்கி உராய்வு 51 என்று போட்டான். 51இல் 49 போனால் மீதி ஏறக்குறைய 1.9, அதைப் பத்தால் வகுத்து, முடுக்கம் 0.19, திசை மேல்நோக்கி என்று எழுதி அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தான்.

மேல்நோக்கி! சும்மா வைத்த பெட்டி, யாரும் தொடாமல், பலகையில் தானாக மேலே ஏறுகிறது.

"தம்பி, இருபது வருஷம் ரேம்ப்ல பெட்டி தள்ளியிருக்கேன், ஒண்ணுகூட தானா மேல ஏறினதில்ல, ஏறியிருந்தா எனக்கு இந்த முதுகுவலியே வந்திருக்காது" என்றேன். அவன் சிரிக்கவில்லை. "ஃபார்முலாவுல போட்டா இதுதாம்ப்பா வருது" என்றான்.

அந்தப் பதில்தான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. பையன் சோம்பேறி இல்லை. கணக்கில் தப்பும் இல்லை, எத்தனை தடவை தட்டினாலும் கால்குலேட்டர் அதைத்தான் சொல்லும். உராய்வு என்றால் மியூ (அந்தக் குணகம்தான்) பெருக்கல் செங்குத்து விசை (பலகை தனக்குச் செங்குத்தாகப் பெட்டியைத் தாங்கும் விசை) என்று அவனுக்கு யாரோ ஒரு வரியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தேடிப் பார்த்தேன். முன்பு அவன் போன ஒரு துணைப்பாட நிலையத்தின் குறிப்புத்தாளில் கட்டம் கட்டி, மஞ்சள் பூசி அதே வரி இருந்தது. மாதம் எத்தனை வெள்ளி கட்டினோம் என்று இங்கே எழுதினால் என் மனைவி கோபித்துக்கொள்வார், விட்டுவிடுகிறேன்.

அந்த வரி நகர்ந்துகொண்டிருக்கும் பெட்டிக்குச் சரி, நழுவும் தறுவாயில் இருக்கும் பெட்டிக்கும் சரி. சும்மா உட்கார்ந்திருக்கும் பெட்டிக்குச் சரியில்லை. அதற்கு 51 என்பது உச்சவரம்பு மட்டுமே. கீழே இழுப்பது 49 என்றால் உராய்வும் 49தான் கொடுக்கும், அதற்கு மேல் ஒரு துளி கொடுக்காது. மகனுக்கு நான் இப்படித்தான் சொன்னேன்: பஸ், ரயிலுக்குத் தட்டும் உன் ஈஸி-லிங்க் அட்டையில் 51 வெள்ளி இருக்கிறது என்பதற்காக ஈசூனிலிருந்து அங் மோ கியோ போக 51 வெள்ளியா கழிக்கிறார்கள்? பயணத்துக்கு எவ்வளவோ அவ்வளவு. அட்டையில் இருப்பதைவிடப் பயணக் கட்டணம் அதிகமானால்தான் சிக்கல், அப்போது கதவு திறக்காது, பெட்டி நழுவும். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அழிப்பானை எடுத்தான்.

ஆகவே கேள்வியைப் படித்ததும் முதலில் கேட்க வேண்டியது, இந்தப் பெட்டி நகருமா நகராதா என்பதுதான். நகராது என்று வைத்துக்கொண்டு, அப்படி நிற்க எவ்வளவு உராய்வு தேவை என்று கண்டுபிடி. அப்புறம் பலகையால் அவ்வளவு கொடுக்க முடியுமா என்று பார். முடிந்தால் கணக்கு அங்கேயே முடிந்தது, விடை 49. முடியாவிட்டால் நீ வைத்துக்கொண்டது தப்பு, பெட்டி நழுவுகிறது, இப்போது இயக்க உராய்வை, அதாவது நகரும்போது உள்ள உராய்வை எடுத்து முடுக்கம் போடு. சூத்திரத்துக்கு வேலையே இரண்டாவது கட்டத்தில்தான் வருகிறது. இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு மணி நேரம் பிடித்தது. மஞ்சள் பூசிய வரியை மனப்பாடம் செய்ய ஒரு நிமிடம் போதும், ஏன் அது விற்கிறது என்று இதிலேயே தெரிகிறது.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். 60 சென்டிமீட்டர் நீளப் பலகை ஒன்று, பழைய அலமாரியின் தட்டு. இரண்டு மைலோ டின், ஒன்று காலி, இன்னொன்றில் விளிம்பு வரை அரிசி. எது முதலில் சறுக்கும் என்று வீட்டில் எல்லாரையும் கேட்டேன். மனைவி அரிசி டின் என்றார், கனமாக இருக்கிறதே. என் அம்மா காலி டின் என்றார், அழுத்தம் இல்லையே. மகன் வாயைத் திறக்கவில்லை, படித்தவனாயிற்றே. பலகையின் ஒரு முனையை மெதுவாகத் தூக்கினோம். ஏறக்குறைய 24 சென்டிமீட்டர் உயரத்தில் இரண்டும் நழுவின. இதோ அதோ என்று ஒரு சென்டிமீட்டர் முன்னே பின்னே இருந்தது, பலகை ஒன்றும் ஆய்வுக்கூடத்துப் பலகை இல்லை.

உயரம் 24, தரையில் அளந்த அடிப்பக்கம் 55. வகுத்தால் ஏறக்குறைய 0.44. அதுதான் அந்தப் பலகைக்கும் அந்த டின்னுக்கும் உள்ள நிலை உராய்வுக் குணகம், வேறொன்றும் வேண்டாம். நிறை ஏன் கணக்கில் வரவில்லை என்றால், கனம் கூடினால் கீழே இழுப்பதும் கூடுகிறது, பலகையை அழுத்துவதும் அதே அளவில் கூடுகிறது, இரண்டும் அடிபட்டுப் போகின்றன. நழுவத் தொடங்கும் கோணத்தின் டேன் மதிப்புதான், அதாவது உயரத்தை அடிப்பக்கத்தால் வகுத்த எண்தான் குணகம். இதைப் பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் போட்டிருக்கிறார்கள், மகனும் படித்திருக்கிறான், அரிசி டின்னும் காலி டின்னும் ஒன்றாகக் கிளம்பியதைப் பார்த்த பிறகுதான் "ஓ" என்றான்.

அதோடு நிறுத்தவில்லை. பலகையை 19 சென்டிமீட்டருக்கு இறக்கிவிட்டு டின்னை வைத்தால் நிற்கிறது. விரலால் மெல்லத் தட்டினால், நிற்காமல் ஒரே வேகத்தில் வழுக்கிக்கொண்டு போகிறது. கணக்குப் போட்டால் 0.33. நகர்ந்துகொண்டிருக்கும்போது உள்ள குணகம் இது, நிற்கும்போது உள்ளதைவிடக் குறைவு. லாரிக்காரர்களுக்கு இது பழைய செய்தி. மழை நாளில் ரேம்ப்பில் பாதி வழியில் நிற்கும் பெட்டியைத் தெரியாத்தனமாக ஒருவன் முழங்காலால் இடித்துவிட்டால், அது ஒரு அங்குலம் நகர்ந்து நிற்காது, கீழே நிற்பவன் கால்வரை வந்துதான் நிற்கும். நிற்பதற்கு ஒரு குணகம், நகர்வதற்கு ஒரு குணகம் என்று பிரித்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர் கணித அறிஞர் ஆய்லர், 18ஆம் நூற்றாண்டுக்காரர். அவரும் சாய்தளத்தை வைத்துத்தான் இதை யோசித்தார்.

டின்னைப் படுக்க வைக்கலாமா என்று மகன் கேட்டான், உருண்டுவிடும், வேண்டாம் என்றேன். பதிலுக்கு ஒரு தீப்பெட்டியை எடுத்து அகலப் பக்கம் ஒரு தடவை, ஒடுங்கிய பக்கம் ஒரு தடவை வைத்துப் பார்த்தோம், இரண்டும் ஒரே தாள் சுற்றிய பக்கங்கள்தான், மருந்து தடவிய பக்கத்தை விட்டுவிட்டோம். தொடும் பரப்பு பாதியானால் உராய்வும் பாதியாகும் என்று அவன் நினைத்திருந்தான். ஆகவில்லை. இதை லியொனார்டோ டா வின்சி தம் குறிப்பேடுகளில் எழுதி வைத்திருந்தார், யாரும் பார்க்கவில்லை, அவருக்கு இருநூறு ஆண்டு கழித்து 1699இல் பிரான்ஸில் அமோன்டோன் என்ற அறிஞர் மறுபடி கண்டுபிடித்துச் சொன்னபோது அங்கிருந்த அறிஞர்களுக்கே நம்பிக்கை வரவில்லை. பிறகு கூலோம் நிறையச் சோதனை செய்து 1785இல் வெளியிட்டார். மின்சாரப் பாடத்தில் வருகிறாரே, அதே கூலோம்தான். அதனால் என் மகன் நம்பாததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உயரமான ஒல்லிப் புட்டியை மட்டும் வைக்காதீர்கள், சறுக்குவதற்கு முன்னால் கவிழ்ந்துவிடும், எங்கள் வீட்டில் ஒரு சோயா சாஸ் புட்டி அப்படித்தான் போயிற்று.

அடுத்த தகராறு திசை. "உராய்வு எப்பவும் மேல்நோக்கித்தானே?" என்று மகன் கேட்டான். எப்பவும் இல்லை. 20 கிலோகிராம் பெட்டி, அதே 30 பாகை, குணகம் 0.4 என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே இழுப்பது 98 நியூட்டன், உராய்வின் உச்சவரம்பு 68. விட்டால் நழுவும். பலகையை ஒட்டி மேல்நோக்கி நாம் பிடித்துக்கொள்ள வேண்டும், எவ்வளவு விசையில்? குறைந்தது 30 நியூட்டன். அப்போது உராய்வு முழுசாக 68 மேல்நோக்கி உதவுகிறது. இன்னும் பலமாகத் தள்ளினால் உராய்வு தன் பங்கைக் குறைத்துக்கொண்டே வருகிறது, சரியாக 98 தள்ளும்போது உராய்வு பூஜ்யம். பூஜ்யம்! சொரசொரப்பான பலகை, கனமான பெட்டி, உராய்வே இல்லை. மகன் இதை நம்பப் பத்து நிமிடம் ஆனது. அதற்கும் மேலே தள்ளினால் உராய்வு கட்சி மாறி, கீழ்நோக்கி இழுக்கத் தொடங்குகிறது, 166 வரை பெட்டி அசையாது, அதைத் தாண்டினால்தான் மேலே ஏறும். 30க்கும் 166க்கும் நடுவில் எந்த விசையைப் போட்டாலும் பெட்டி அங்கேயே நிற்கும். இதில் உராய்வு எவ்வளவு என்று கேட்டால், நீ எவ்வளவு தள்ளுகிறாய் என்று சொல், அப்புறம் நான் சொல்கிறேன் என்பதுதான் பதில். ஒரே எண்ணை மனப்பாடம் செய்தவனுக்கு இங்கே வழியே இல்லை.

செங்குத்து விசையிலும் இதே கதைதான். அது எப்போதும் எடை பெருக்கல் கொசைன் என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். நான் பெட்டியைப் பலகையோடு சேர்த்துத் தள்ளாமல் தரைக்கு இணையாகத் தள்ளினால், என் பலத்தில் ஒரு பங்கு பெட்டியைப் பலகைக்குள் அழுத்துகிறது, செங்குத்து விசை கூடுகிறது, உராய்வின் வரம்பும் கூடுகிறது. மேலே சொன்ன அதே 20 கிலோ பெட்டியை ஏற்ற, பலகையோடு சேர்த்துத் தள்ளினால் 166 நியூட்டன், தரைக்கு இணையாகத் தள்ளினால் 249. ஒன்றரை மடங்கு! இதற்கு நேர்மாறாக, கயிறு கட்டிப் பலகைக்குச் சற்று மேலே, ஒரு 22 பாகை தூக்கினாற்போல் இழுத்தால் 154 போதும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் லாரியில் என்னோடு இருந்த பெரியவர் ஒருவர் கயிற்றைத் தோளில் போட்டுத்தான் இழுப்பார். கையால் இழுத்தால் என்ன அண்ணே என்று கேட்டதற்கு "தோள்ல போட்டா பெட்டி லேசாகும்டா" என்றார். அவருக்கு டேன் தெரியாது. ஆனால் அந்த 22 பாகை அவர் தோளுக்குத் தெரிந்திருந்தது. 0.4 என்ற குணகத்துக்குரிய கோணமும் அந்த 22 பாகைதான் என்று மகன் கணக்குப் போட்டுக் காட்டியபோது எனக்குக் கொஞ்சம் சிலிர்த்தது, ஒளிப்பானேன்.

மேலே தள்ளிவிட்ட பெட்டி திரும்பி வரும் கணக்கு ஒன்று உண்டு, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏறும்போது உராய்வும் எடையும் ஒரே பக்கம் இழுக்கின்றன, இறங்கும்போது எதிரெதிர். 30 பாகை, இயக்கக் குணகம் 0.3 என்றால், நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் மேலே போன பெட்டி கிளம்பிய இடத்துக்கு 3.4 மீட்டர் வேகத்தில்தான் திரும்பும். இரண்டு பயணத்துக்கும் ஒரே முடுக்கத்தைப் போட்டால் 6இலேயே திரும்பிவிடும், அதாவது உராய்வு எதையும் தின்னவில்லை என்று அர்த்தம். உச்சியில் ஒரு கணம் நிற்கிறதே, அங்கே மறுபடி "நகருமா" என்ற கேள்வியைக் கேட்க வேண்டும். குணகம் பெரிதாக இருந்தால் அது அங்கேயே நின்றுவிடும், திரும்பவே திரும்பாது.

இதெல்லாம் பலதுறைத் தொழிற்கல்லூரிப் பிள்ளைக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். என் அம்மாவுக்குச் சக்கர நாற்காலி. எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் சாய்பாதையில் தினமும் ஏற்றி இறக்குகிறோம். இங்கே அந்தப் பாதைகளுக்கு 12க்கு 1 என்பது சாய்வின் வரம்பு, அதாவது 12 மீட்டர் போனால் 1 மீட்டர்தான் உயரலாம், கோணம் 5 பாகைகூட இல்லை. அம்மாவும் நாற்காலியும் சேர்ந்து 75 கிலோ என்றால் கீழே இழுப்பது 61 நியூட்டன், ஏறக்குறைய ஆறு கிலோ அரிசி மூட்டையைத் தூக்கிப் பிடிப்பதுபோல. இங்கே சக்கரம் உருளுகிறது, அதனால் டின் கணக்கு நாற்காலிக்குப் பொருந்தாது. பொருந்துவது என் செருப்புக்கு. மழைத் தண்ணீர் நின்ற தரையில் தேய்ந்த செருப்போடு அந்த 61 நியூட்டனைப் பிடிக்க வேண்டியது என் காலடி உராய்வு. இதை மகனிடம் சொன்னேன், மறுநாளே அவன் என் செருப்பைக் குப்பையில் போட்டுவிட்டான்.

ஆசிரியர் ஐயா, உங்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர் பக்கத்தில் கட்டுரை, கதை, பேச்சுப்போட்டி எல்லாம் வருகிறது, நல்லது. வாரத்துக்கு ஒரு இயற்பியல் கேள்வியையும் தமிழில் போடுங்கள், விடையோடு இல்லை, விடைக்கு முன்னால் என்ன கேட்க வேண்டும் என்பதோடு. உராய்வு, சாய்வு, நழுவும் தறுவாய் என்று சொல்லிப் பார்த்தபோது மகனுக்கு ஆங்கிலத்தில் புரியாதது புரிந்தது என்று நான் பெருமை பேசமாட்டேன், அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் பாட்டி முதல் பேரன் வரை ஒரே மேசையில் உட்கார்ந்து எந்த டின் முதலில் சறுக்கும் என்று சண்டை போட முடிந்தது தமிழில் பேசியதால்தான், பாட்டிக்கு வேறு மொழி தெரியாது.

போன வாரம் மகன் இன்னொரு தாளைக் காட்டினான். வேறு கோணம், வேறு குணகம். ஒரு எண்ணும் எழுதுவதற்கு முன்னால் பென்சிலில் "நகராது?" என்று கேள்விக்குறியோடு எழுதியிருந்தான். கேள்விக்குறிதான் எனக்குப் பிடித்தது. அப்புறம் நிமிர்ந்து, "ப்பா, லாரி டயருக்கு அடியில வைப்பீங்கள்ல ஒரு முக்கோணக் கட்டை, லாரி அதை அழுத்துறப்ப அது ஏன் பிதுங்கி வெளிய ஓடிடல?" என்றான். நான் ஆயிரம் தடவை வைத்திருக்கிறேன், ஒரு தடவைகூட யோசித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை கட்டையை வீட்டுக்குக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறான். உங்கள் வாசகர்களில் யாருக்காவது தெரிந்தால் எழுதட்டும், வெறும் சூத்திரத்தை மட்டும் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு தகப்பன்,
ஈசூன்.